யாருக்குப் பக்கம் உண்டு, யார் எழுதலாம்?

வாசகர் கேள்வி – பதில்

விக்கிப்பீடியாவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறுங்கட்டுரைக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியிருந்தன. ஒருவரது வாழ்க்கையைப் பற்றி அங்கே பக்கம் இருக்க என்ன தகுதி வேண்டும், அந்தப் பக்கத்தை அவரோ அவரைச் சார்ந்தவர்களோ எழுதலாமா என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதைப் பற்றியே.

கேள்வி: என் தந்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 14 நூல்கள் எழுதியவர், பல அமைப்புகளின் விருதுகளைப் பெற்றவர். தமிழ் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். ஓரிரு படங்களில் தலைகாட்டியவர்களுக்கெல்லாம் பக்கம் இருக்கும்போது, 14 நூல்கள் போதாதா?
– வாசகர், கும்பகோணம்

நூல்களின் எண்ணிக்கையை அங்கே யாரும் அளவாகக் கொள்வதில்லை. உங்கள் தந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, அவரைப் பற்றியோ அவருடைய நூல்களைப் பற்றியோ விரிவாக எழுதி, அது நம்பத்தகுந்த ஓரிடத்தில் வெளியாகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதையே அவர்கள் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். அது ஒருவரது சிறப்புக்கு இடப்படும் மதிப்பெண் அன்று. அவரைப் பற்றிப் பிறர் எழுதிவைத்தது கட்டுரை எழுதப் போதுமானதா என்ற கணக்கு மட்டுமே.

நீங்கள் அனுப்பியிருந்த பிரதியைப் படித்தேன். கட்டுரையில் நான்கு வகைச் சான்றுகளைக் காட்டியிருக்கிறீர்கள்: மணிவிழா மலர், நூல்களின் அணிந்துரைகள், விருதுச் செய்திகள், யூடியூபில் உள்ள அவருடைய பேச்சு. மணிவிழா மலரை மாணவர்களும் உறவினர்களும் சேர்ந்து கொண்டுவருகிறார்கள். அதில் குறை சொல்லி ஒரு வரி எழுதுபவர் உண்டா? எழுதவும் கூடாது, அது அதற்கான இடமும் அன்று. அணிந்துரை, நூலாசிரியரே நேரில் சென்று கேட்டு வாங்குவது. பேச்சு அவருடையதே. எஞ்சியிருப்பவை விருதுகள். அவற்றை வழங்கிய அமைப்புகளைப் பற்றி வேறு எங்கும் ஒரு குறிப்புகூட இல்லையென்றால், அந்த விருதுகளும் எடை பெறுவதில்லை. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே மேடையில் ஐம்பது பேருக்குப் பொன்னாடை போர்த்தும் விழாக்கள் பெருகிவிட்ட காலத்தில், 'விருது பெற்றவர்' என்ற சொற்களைக் கண்டதுமே ஐயப்படும் நிலை வந்துவிட்டது. உங்கள் தந்தைக்குக் கிடைத்தவை அத்தகையவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தைப் பார்க்கும் தன்னார்வலருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையின் முதல் வரியிலேயே 'செந்தமிழ்ச் செம்மல்', 'சிந்தனைச் சிற்பி' என்ற இரண்டு பட்டங்கள் வருகின்றன. பிறந்த ஊரும் ஆண்டும் நான்காம் பத்தியில்தான் வருகின்றன. ஒரு மகன் எழுதியது என்பதைக் கையொப்பம் இல்லாமலே காட்டிக்கொடுக்கும் நடை அது. நலமுரண் என்று விக்கிப்பீடியர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்பதில் பாசம் தானாகவே கைவைத்துவிடும் என்பதுதான் பொருள்.

பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள் கொண்டது. யாரைச் சேர்ப்பது, அவரைப் பற்றி யாரை எழுதச் சொல்வது என்பதை அங்கே பதிப்புக் குழு தீர்மானித்தது. துறை வல்லுநர்கள் எழுதினார்கள். அவர்களுடைய பெயரே வாசகருக்குப் பிணையாக நின்றது. 2003ல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ள தமிழ் விக்கிப்பீடியாவில் புனைபெயர் வைத்துக்கொண்டுகூட யாரும் எழுதலாம். எழுதியவர் யார் என்பது தெரியாத இடத்தில் அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லை. அவர் காட்டும் சான்றுக்குத்தான் மதிப்பு. தாள் செலவில்லாத இணையத்தில் ஒரு பக்கம் கூடினால் என்ன நட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தைப் போடச் செலவில்லைதான். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் பின்னாளில் சரிபார்க்கவும், விஷமிகளிடமிருந்து காக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் மிகக் குறைவு.

ஓரிரு படங்களில் நடித்தவர்களுக்குப் பக்கம் இருப்பதற்குக் காரணம், நம் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதித் தள்ளுவதுதான். இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் அந்த அநியாயம் விக்கிப்பீடியாவுக்கு வெளியே, பத்திரிகை அலுவலகங்களில் தொடங்குகிறது. அந்தப் பக்கங்களில் பலவும் நீக்கத்தக்கவையே என்பது வேறு செய்தி.

செய்யக்கூடியது என்ன? அவருடைய நூல்களுக்கு இதழ்களில் மதிப்புரைகள் வந்திருந்தால் தேடி எடுங்கள். அவருடைய எழுத்தை யாராவது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்திருக்கலாம். பாடநூலில் ஏதேனும் ஒரு பகுதி இடம்பெற்றிருக்கலாம். இவை கிடைத்தால், கட்டுரை எழுதாமல், இவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் வைத்து, 'நான் இவருடைய மகன்' என்று வெளிப்படையாகச் சொல்லி, வேறொருவரை எழுதும்படி கேளுங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால், அவருடைய நூல்களை நல்ல நூலகங்களில் சேர்ப்பதும், உங்கள் வட்டாரத்தின் கல்வி வரலாற்றை அறிந்த ஒருவர் ஓர் இதழில் அவரைப் பற்றி நிதானமாக எழுத வழிசெய்வதுமே முதலில் செய்ய வேண்டியவை. கலைக்களஞ்சியம் கடைசியில் வர வேண்டியது.

கேள்வி: நோபல் பரிசு பெறும் நாள்வரை ஒரு பெண் விஞ்ஞானிக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் இல்லாமல் இருந்ததாகப் படித்தேன். அப்படியானால் இந்தக் 'குறிப்பிடத்தக்கமை' என்பதே பொருளற்றதுதானே?
– கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

நீங்கள் குறிப்பிடுவது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டை. 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, மேரி கியூரி (1903), மரியா கோப்பர்ட் மேயர் (1963) ஆகியோருக்குப் பிறகு அதைப் பெறும் மூன்றாவது பெண் அவர். லேசர்த் துடிப்புகளை நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் முறையைப் பற்றி 1985ல் அவரும் ஜெரார் மூரூவும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்காகவே அந்தப் பரிசு. மூரூவுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே பக்கம் இருந்தது, ஸ்ட்ரிக்லண்டுக்கு இல்லை. அதே ஆண்டு மே மாதம் அவரைப் பற்றி ஒருவர் சமர்ப்பித்த வரைவை, காட்டப்பட்ட சான்றுகள் போதா என்று சொல்லி ஒரு தன்னார்வலர் திருப்பி அனுப்பியிருந்தார்.

விதி பொருளற்றது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது என்பது என் கருத்து. விதியைச் சரியாகப் பொருத்தியிருந்தால் அந்த வரைவு தேறியிருக்கும். கல்வியாளர்களுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி அளவுகோல் உண்டு. பத்திரிகைகள் எழுதாவிட்டாலும், துறையில் பெரிய அறிவியல் சங்கத்தின் தலைமை போன்ற பொறுப்பை வகித்திருந்தால் போதும். ஸ்ட்ரிக்லண்ட் 2013ல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். வரைவோடு தந்த சான்றுகள் அவருடைய பல்கலைக்கழகமும் அந்தச் சங்கமும் வெளியிட்டவை. பரிசீலித்தவர் பொது விதியை மட்டும் வைத்து அவற்றைச் 'சார்புடையவை' என்று கருதியிருக்க வேண்டும். வந்து குவியும் விளம்பர வரைவுகளுக்கு நடுவே ஒரு நல்ல வரைவு வந்து சேரும்போது ஏற்படும் விபத்து இது.

ஆனால் அதோடு விட்டுவிடவும் முடியாது. அத்தகைய விபத்து பெண்களுக்கு அடிக்கடி நேர்கிறது என்றால் அதை விபத்து என்று எத்தனை நாள் சொல்வது? ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களைப் பற்றியவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். 2015ல் இதை மாற்றவென்றே ஒரு திட்டம் தொடங்கப்பட்ட பிறகு எட்டிய நிலை இது. 117ஆம் தனிமத்தைக் கண்டறியும் பணியில் பங்கேற்ற அமெரிக்க அணுவேதியியலாளர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸின் பக்கம் 2019ல் விவாதத்துக்குப் பின் நீக்கப்பட்டு, கூடுதல் சான்றுகள் வந்த பிறகு 2020ல் திரும்ப வந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அன்றைய செயல் இயக்குநர் கேத்தரின் மேஹர், உலகத்தின் பாரபட்சத்தையே தங்கள் தளம் பிரதிபலிக்கிறது என்று எழுதினார். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பிறர் எழுதியதை மட்டுமே ஏற்பேன் என்ற விதி, யாரைப் பற்றிப் பிறர் எழுதவில்லையோ அவர்களை இரண்டாம் முறையும் விட்டுவிடுகிறது. பெண்கள், தலித் எழுத்தாளர்கள், தலைநகருக்கு வெளியே இயங்கியவர்கள் ஆகியோர் விஷயத்தில் பரிசீலிப்பவர்தான் ஒருபடி கூடுதலாகத் தேட வேண்டும். விதியைத் தளர்த்த வேண்டும் என்பதில்லை. 'சான்று இல்லை' என்று எழுதுவதற்கு முன் நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவிட வேண்டும் என்கிறேன்.

கேள்வி: நான் பயிற்சி நிறுவனம் நடத்துகிறேன். 'மூன்று செய்தித் தளங்களில் உங்கள் நேர்காணல், ஒரு தேசிய விருது, அதன்பின் விக்கிப்பீடியா பக்கம். பக்கம் நீக்கப்படாது என்பதற்கு உத்தரவாதம்' என்று ஒரு முகமை தொகுப்பாக விலை சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், சென்னை

நம்ப வேண்டாம். அந்த உத்தரவாதத்தை விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளாலேயே தர முடியாது. வெளியிலிருந்து ஒரு முகமை எப்படித் தரும்?

இந்தத் தொழிலின் உள்விவரம் 2015 ஆகஸ்ட் இறுதியில் அம்பலமானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பல் இயக்கிய 381 போலிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அவை உருவாக்கிய 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. 'ஆரஞ்சுமூடி' (Orangemoody) என்று அழைக்கப்படும் அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டியது கும்பல் ஆள்பிடித்த முறை. ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட வரைவுகளையும் நீக்கப்பட்ட பக்கங்களையும் தேடிப்பிடித்து, அவற்றுக்குரிய சிறு வணிகர்களையும் கலைஞர்களையும் தொடர்புகொண்டு, தாங்கள் அனுபவமிக்க தொகுப்பாளர்கள் (பக்கங்களை எழுதித் திருத்துபவர்கள்) என்று சொல்லிக்கொண்டார்கள். பணம் கொடுத்தால் பக்கம் வரும் என்றார்கள். வந்த பிறகு, அதைக் 'காப்பதற்கு' மாதாமாதம் பணம் கேட்டார்கள். கப்பம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய பக்கங்களை அதற்குச் சாதகமாகச் சாய்த்துவந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கணக்கு, ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகி உரிமையையே பெற்றிருந்தது. விசாரணைக்குப் பின் 2015 பிப்ரவரியில் நடுவர் குழு அதன் உரிமையைப் பறித்துத் தடைவிதித்தது. நிர்வாகிக்கே அந்தக் கதி என்றால், உங்கள் முகமையின் கணக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த 'மூன்று நேர்காணல்' விஷயத்துக்கு வருகிறேன். இந்தியச் செய்தி நிறுவனங்களில் காசுக்கு வெளியாகும் புகழுரைகள் விளம்பரம் என்ற அடையாளமின்றியே செய்தியாக வருவதுண்டு என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டியிலேயே தனி எச்சரிக்கை இருக்கிறது. அடையாளம் காண்பதும் கடினமில்லை. செய்தியாளர் பெயர் இருக்காது. ஒரே பத்தி, காற்புள்ளி மாறாமல், நான்கைந்து தளங்களில் ஒரே வாரத்தில் வந்திருக்கும். 'இளம் வயதிலேயே சாதித்த தொழில்முனைவோர்' என்று தொடங்கும். அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவு எழுத்தில், உள்ளடக்கத்துக்கு ஆசிரியர் குழு பொறுப்பல்ல என்று இருக்கும். இவற்றைச் சான்றாகக் காட்டினால் பக்கத்துக்குப் பலம் சேராது; விலைகொடுத்த தடயங்களை நீங்களே வரிசைப்படுத்திக் கொடுத்தது போலாகும்.

கூலிக்கு எழுதுவது முற்றிலும் தடைசெய்யப்படவில்லை. 2014 ஜூன் முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளின்படி, யாருக்காக எழுதுகிறேன், யார் பணம் தருகிறார்கள் என்பதை எழுதுபவர் வெளிப்படையாகப் பதிவிட வேண்டும். உங்களிடம் பேசிய முகமையிடம், இந்த அறிவிப்பைச் செய்வீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: என்னைப் பற்றிய பக்கத்தில் என் பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறது. மூன்று முறை திருத்தினேன். மூன்று முறையும் பழையபடி மாற்றிவிட்டார்கள். நான் எப்போது பிறந்தேன் என்பது என்னைவிட அவர்களுக்குத் தெரியுமா?
– நாடகக் கலைஞர், மதுரை

உங்களுக்குத்தான் தெரியும், ஐயா. ஆனால் திருத்தியது நீங்கள்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'வரலாற்றைக் காட்டவும்' என்ற தாவலை அழுத்திப் பாருங்கள். ஒரு கணக்கு, ஒரு நேரம், சான்று ஏதும் சுட்டாமல் ஓர் எண் மாற்றம். அவ்வளவுதான் அங்கே தெரிகிறது. விளையாட்டுக்கு ஆண்டை மாற்றிவிட்டுப் போகும் விஷமியின் திருத்தமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்துக்கும் இதே எரிச்சல் வந்தது. தம் நாவல் ஒன்றுக்கு யாருடைய வாழ்க்கை தூண்டுதலாக இருந்தது என்று விக்கிப்பீடியா சொன்னது தவறு என்று அவர் தெரிவித்தபோது, நூலாசிரியரின் சொல் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்ததாம். 2012 செப்டம்பரில் அவர் 'நியூயார்க்கர்' இதழின் இணையதளத்தில் ஒரு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், வெளியானவுடன் அந்தக் கடிதமே சான்றாகிவிட்டது, பக்கமும் மாறியது. சிடுசிடுப்போடு எழுதினாலும், சரியான வழியில்தான் அவர் போயிருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதுவே. உங்கள் தலைமுறையில், பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்ட தேதி ஒன்றும், வீட்டில் குறித்துவைத்த தேதி வேறொன்றுமாக இருப்பது சாதாரணம். உங்களைப் பற்றிய செய்திகளில் எந்தத் தேதி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சரியான ஆண்டு அச்சில் உள்ள பேட்டி இருந்தால், இதழின் பெயரும் நாளும் குறிப்பிட்டு, கட்டுரையைத் தொடாமல், அதோடு இணைந்த விவாதப் பக்கமான பேச்சுப் பக்கத்தில், 'இது என்னைப் பற்றிய பக்கம்' என்ற அறிமுகத்தோடு எழுதுங்கள். உங்கள் பெயரில் நீங்களே நடத்தும் இணையதளத்தில் உங்கள் பிறந்த ஆண்டை வெளியிட்டிருந்தாலும் போதும். இத்தகைய சாதாரண விவரங்களுக்கு ஒருவரது சொந்த வெளியீட்டையும் ஏற்பார்கள். தற்புகழ்ச்சிக்குத்தான் ஏற்கமாட்டார்கள். தற்பக்கத்தில் கைவைக்கும் ஆசை யாரையும் விட்டதில்லை: விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே, 2005ல் தம் பக்கத்தில் லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறித்த இடங்களை மாற்றியதை அதே வரலாற்றுத் தாவல் காட்டிக்கொடுத்தது, அவரும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எழுபதுகளில் எழுதிய ஒரு கவிஞர் என் பெரியப்பா. இணையத்தில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. எரிந்துபோன தாள்களை நாங்கள் எங்கே போய்ச் சான்றாகக் காட்டுவது?
– வாசகி, டொராண்டோ

உங்கள் கேள்வியின் கசப்பு புரிகிறது. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் அப்போது எரிந்தது. ஒரு சமூகத்தின் சான்றுகளை எரித்துவிட்ட பிறகு அவர்களிடமே சான்று கேட்பது எத்தனை கொடுமை என்பதை, இந்த விதிகளை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் வழி அடைந்துவிடவில்லை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் விக்கிப்பீடியாவில் இல்லை. இதழின் பெயர், ஆண்டு, இதழ் எண், பக்கம் ஆகியவற்றைத் துல்லியமாகக் கொடுத்தால் அச்சிதழே போதும். 2005ல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் ஈழத்து இதழ்கள் பெருமளவில் வருடப்பட்டுள்ளன. டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை'யில் எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே அவரைப் பற்றி வேறொருவர் எழுதும் வழக்கம் இருந்தது. அத்தகைய ஒரு கட்டுரை கிடைத்தால் அது நல்ல சான்று. உங்கள் பெரியப்பாவின் கவிதை அச்சான பக்கம் அவர் எழுதினார் என்பதை மட்டுமே காட்டும். அவரைப் பற்றி மற்றவர் எழுதியது, அது அரைப் பக்க மதிப்புரையாக இருந்தாலும், அதைவிட உதவும். உங்கள் குடும்பத்தில் தப்பிய கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் இருந்தால் அவற்றை 'நூலகம்' போன்ற ஆவணகத்தில் சேர்த்துவிடுங்கள். கலைக்களஞ்சியத்துக்கு அவை நேரடியாகப் பயன்படா; நாளை ஓர் ஆய்வாளர் அவற்றைப் படித்து எழுதும் கட்டுரை பயன்படும்.

கேள்வி: என் ஆய்வு நெறியாளரைப் பற்றி நான் எழுதலாமா?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய காலம் முடியும்வரை வேண்டாம். அதன் பிறகும், மாணவர் என்பதைச் சொல்லிவிட்டு, வரைவாக எழுதி மற்றவர் பார்வைக்கு விடுங்கள். அவரை நீங்களே எடுத்த நல்ல புகைப்படம் இருந்தால், அவர் சம்மதத்தோடு அதை இப்போதே விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றலாம்; அதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

கேள்வி: என்னைப் பற்றிப் பக்கமே வேண்டாம் என்று நான் சொன்னால் நீக்குவார்களா?
– வாசகி, புதுச்சேரி

நீங்கள் எந்த அளவுக்குப் பொதுவாழ்வில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமைச்சரோ முன்னணி நடிகரோ கேட்டால் நீக்கமாட்டார்கள். ஓரளவே அறியப்பட்டவர் கேட்டு, பக்கம் இருக்க வேண்டுமா என்பதில் தொகுப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லையென்றால், ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்குவதையே தேர்ந்தெடுக்க இடமுண்டு. ஒரே ஒரு சம்பவத்தால் செய்தியில் அடிபட்டவருக்குத் தனிப் பக்கம் தவிர்க்கப்பட வேண்டும் என்பதும் அங்கே கொள்கை. முழுப் பிறந்தநாள், வீட்டு முகவரி போன்ற தனிவிவரங்களை எடுக்கச் சொல்ல உங்களுக்கு எப்போதும் வழியுண்டு.

உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு வந்ததற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2005 மே மாதம், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாகக் கருதப்பட்டது என்று யாரோ ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய அந்த மனிதரைப் பற்றிய அப்பட்டமான பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. அவர் 'யூஎஸ்ஏ டுடே'யில் அதைப் பற்றி எழுதிய பிறகே, கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப் பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. 2010 முதல், உயிரோடிருப்பவரைப் பற்றிச் சான்றே இல்லாமல் எழுதப்படும் புதிய பக்கங்களைத் தனி விவாதமின்றி நீக்கவும் அங்கே வழி செய்யப்பட்டது. ஆகவே உங்கள் பக்கத்தில் சான்றில்லாத அவதூறு ஏதேனும் இருந்தால், பேச்சுப் பக்கத்தில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அதை நீங்களே அப்போதே நீக்கிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தோடு இடும் சிறு குறிப்பில்) காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தன் பக்கத்தைத் தானே தொடக்கூடாது என்ற மரபுக்கு அங்கே விலக்கு உண்டு.